கோழி முட்டையிட்ட சைடுகார்

1987-ஆம் ஆண்டு, பிஜியில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு ராணுவப் புரட்சிகள் நடந்த சமயம். நாங்கள் அப்போது பா என்ற ஊரில் இருந்தோம். பெயர்தான் ஓரெழுத்து, ஊர் பெரிது. பெரிய சர்க்கரை ஆலை, சுற்றிலும் கரும்பு, கடைத்தெரு முழுக்க நம்மவர்கள். அந்தத் தெருவின் கோடியில் எங்கள் கடை. கார், லாரி, பஸ் எதுவானாலும் சீட் கிழிந்தால் எங்களிடம்தான் வரும். என் கணவர் வெல்டிங் வேலை பார்ப்பார், தையல் என்னுடையது. என்னைப் போல் சீட் தைக்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. உண்மையைச் சொல்வதற்கு எதற்குக் கூச்சம்?

என் தமிழைப் பற்றியும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிஜியில் எங்கள் தலைமுறைக்கு வீட்டுக்குள் பாதித் தமிழ், வாசலைத் தாண்டினால் முழு இந்தி. மாரியம்மன் கோயிலில் பாட்டுப் பாடுவதற்காக எழுத்துக்கூட்டிப் படித்தவள் நான். பிரிஸ்பேனுக்கு வந்த பிறகு கையில் கிடைத்த தமிழ்ப் பத்திரிகைகளையெல்லாம் படித்துத் தள்ளித்தான் இந்த அளவுக்குத் தேறியிருக்கிறேன். தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பழைய வண்டிகள் என்றால் பைத்தியம். ஊரில் இரண்டு மூன்று பேர் ஐம்பதுகளில் வந்த இங்கிலீஷ் கார்களைக் கண்ணும் கருத்துமாக வைத்திருந்தார்கள். அவற்றுக்குக் குஷன் தைத்துத் தைத்து எனக்கும் ஆசை வந்தது. கார் வாங்க வழியில்லை. ஒரு கரும்புக்காரர் வீட்டுக் கொட்டகையில் பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. கேட்டேன், தள்ளிக்கொண்டு போ என்றார். ஒரு வருஷம் அதோடு மல்லுக்கட்டினேன். சங்கிலி சர்க்கரை ஆலையிலிருந்து, விளக்கு ஒரு டிராக்டரிலிருந்து. வெல்டிங் மட்டும் கணவர், மற்றதெல்லாம் நான். முதல்முறை கிக்கரை உதைத்து அது இருமிக்கொண்டு கிளம்பியபோது தெருவே வெளியே வந்து பார்த்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பொம்பளை வண்டி ஓட்டுகிறாளே என்று பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டு மறுநாளே கால்சட்டை ஒன்று தைத்துக்கொண்டேன்.

ஞாயிறு வந்தால் மலைப்பக்கம் கிளம்பிவிடுவேன். ஆற்றை ஒட்டி மேலே போகும் மண் சாலை. போகப் போகப் பிஜியர்களின் கிராமங்கள். அங்கே ஒரு மரியாதை உண்டு. ஊருக்குள் நுழையும்போது தலையில் தொப்பியோ ஹெல்மெட்டோ இருக்கக் கூடாது. சத்தம் போட்டுக்கொண்டு ஓட்டவும் கூடாது. ஊர் எல்லையில் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். தலைவர் வீட்டுக்கு ஒரு கட்டு யங்கோனா வேர் கொடுக்க வேண்டும். அதை இடித்துக் கரைத்து எல்லோரும் உட்கார்ந்து குடிப்பார்கள். இதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் ஒன்று மட்டும் தெரியாமல் போய்விட்டது.

ஒரு மலை ஊரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஒரு வீட்டு ஈரப்பலா மரத்தடியில் அதைப் பார்த்தேன். சைடுகார். மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் ஆள் உட்காருவதற்குப் பொருத்தும் பெட்டி. எந்தக் காலத்தில் யார் கொண்டுவந்து போட்டார்களோ, உள்ளே வைக்கோல் போட்டுக் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "ஆஹா, எவ்வளவு அழகு! இதைப் போல அழகான ஒண்ணை நான் பார்த்ததே இல்லையே!" என்று இந்தியில் சொல்லிச் சொல்லிச் சுற்றி வந்தேன். அந்த வீட்டுக்காரி என் வயதுக்காரி. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். உள்ளே போய்த் தன் அண்ணனைக் கூப்பிட்டாள். நான் யங்கோனா குடித்து முடித்து வெளியே வருகிறேன், கோழியை இறக்கிவிட்டு, சைடுகாரைக் கழுவி, கீழே எங்கள் ஊருக்குப் போகும் கேரியரில் ஏற்றிக் கட்டியிருக்கிறார்கள். கேரியர் என்றால் பெஞ்சு போட்டு ஆளும் சாமானும் ஏற்றும் லாரி.

நான் பதறிப்போய் வேண்டாம் என்றேன். அவள் இந்தியில் சொன்னாள், "நீ புகழ்ந்துட்ட. இனி அது உன்னோடது." அவர்கள் வழக்கம் அப்படி. ஒருவர் வீட்டுப் பொருளை வாய்விட்டுப் புகழ்ந்தால், அதைக் கேட்டதாக அர்த்தம். அப்படிக் கேட்பதற்குக் கெரேகெரே என்று பெயர். கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும்.

வீட்டில் என் கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னா புள்ள, ஒரு ஊரையே கொள்ளையடிச்சுக்கினு வந்திருக்க. நீ மாங்கி வாங்கிட்ட. நாளைக்கு அவுங்க வந்து மாங்குவாங்க, அப்ப இல்லைன்னு சொல்ல முடியாது பாத்துக்க." மாங்குவது என்றால் கேட்பது. எங்கள் தமிழில் பாதி இந்திதான் என்று சொன்னேனே.

அந்த வீட்டுக்காரி கேட்க வரவில்லை, பார்க்கத்தான் வந்தாள். சனிக்கிழமை சந்தைக்குச் சேப்பங்கிழங்கும் வாழைத்தாரும் கொண்டுவருவாள், விற்று முடித்து எங்கள் கடையில் வந்து உட்காருவாள். நான் அவளைப் பஹினி என்பேன், அவளும் என்னைப் பஹினி என்பாள். இந்தியில் தங்கை. யார் அக்கா என்று நாங்கள் கடைசிவரை தீர்த்துக்கொள்ளவில்லை. சைடுகார் அவள் கண்முன்னால்தான் வளர்ந்தது. ஓட்டை அடைத்து, பச்சை வண்ணம் அடித்து, உள்ளே சிவப்பு ரெக்சினில் குஷன் தைத்தேன். இரட்டைத் தையல், ஓரத்தில் வெள்ளைப் பட்டி. அவ்வளவு நல்ல வேலை அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

முடித்த அன்றைக்கு மட்கார்டில் கண்மையால் ஒரு பொட்டு வைத்தேன். இவ்வளவு சுத்தமாக வேலை செய்து ஏன் அழுக்காக்குகிறாய் என்று பஹினி கேட்டாள். "எங்க வழக்கம். ரொம்பப் பிரியமானது மேல ஊரு கண்ணு படக் கூடாது. குழந்தைக்கும் இப்படித்தான் வைப்போம். ரொம்ப அழகான குழந்தையா இருந்தா, ஐயோ எவ்வளவு அசிங்கமா இருக்குன்னுகூடச் சொல்வோம்" என்றேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பைத்தியக்கார ஜனங்கள் என்றாள். கோழிப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்த ஜனங்களா எங்களைப் பைத்தியம் என்பது என்றேன்.

அப்புறம் மே மாதம் வந்தது. நம்மவர்கள் அதிகம் இருந்த ஆட்சியை ராணுவம் கவிழ்த்துவிட்டது என்று ரேடியோவில் செய்தி கேட்டபோது ஒரு லாரி சீட்டுக்கு ஊசி கோத்துக்கொண்டிருந்தேன். செப்டம்பரில் இரண்டாவது முறை. சில மாதங்களிலேயே கடைத்தெரு பாதி காலி. ஆசிரியர், டாக்டர், கணக்குப் பார்ப்பவர் என்று ஒவ்வொருவராக விமானம் ஏறினார்கள். பிரிஸ்பேனில் இருந்த கணவரின் அண்ணன் எங்களையும் வரச் சொன்னார். எனக்கு மனமே இல்லை, கணவருக்கோ தூக்கமே இல்லை. போவது என்று முடிவானது.

இரண்டாவது புரட்சிக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமையைப் பூட்டிவிட்டார்கள். கடை கூடாது, விளையாட்டுக் கூடாது, பஸ் கூடாது. சாலையில் வண்டி வந்தால் நிறுத்தி எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். தேவாலயத்துக்கு என்றால் விடுவார்கள். எனக்கு இருந்ததே அந்த ஒரு நாள்தான், அதற்கும் பூட்டு என்றால் எரிச்சல் வராதா?

ஒரு சனிக்கிழமை பஹினி கேரியரைத் தவறவிட்டு எங்கள் வீட்டில் தங்கினாள். மறுநாள் காலை அவள் ஊர்த் தேவாலயத்தில் பாட்டுக் குழுவை நடத்த வேண்டியவள் அவள்தான். நான் துள்ளி எழுந்தேன். "நீ தேவாலயத்துக்குத்தானே போற? சட்டப்படியே போவோம், ஏறு." கணவர் வேண்டாம் என்று கும்பிட்டார். நான் கேட்கிற ஜாதியா? வண்டியைப் பளபளவென்று துடைத்தேன். வெள்ளை உடுப்பும் மடியில் பைபிளுமாக அவள் சைடுகாரில் ராணி மாதிரி உட்கார்ந்தாள். நெற்றியில் குங்குமத்தோடு நான் தேவாலயத்துக்கு வண்டி ஓட்டினேன்.

மலையடிவாரத்தில் சாலைக்குக் குறுக்கே மரம் கிடந்தது. ஐந்தாறு வாலிபர்கள், கையில் கரும்பு வெட்டும் கத்தி. ஒருவன் மட்டும் ராணுவத் தொப்பி போட்டிருந்தான். அவன் எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. நேரே வண்டியிடம் வந்து, பெட்ரோல் டேங்கைத் தடவி, ஹாண்டிலைத் தடவி, சைடுகாரைச் சுற்றி வந்தான்.

"அழகான வண்டி," என்றான். மறுபடியும், "ரொம்ப அழகான வண்டி. கெரேகெரே."

அவர்கள் மொழி எனக்குப் பாதி புரியும். இது முழுக்கப் புரிந்தது. வண்டி போய்விட்டது என்றே நினைத்தேன். அவன் சாவியை நோக்கிக் கை நீட்டினான்.

அப்போது பக்கத்திலிருந்து பஹினியின் குரல் கேட்டது. "இதுவா அழகு? உன் கண்ணுல என்ன பூ விழுந்திருக்கா? அசிங்கம் புடிச்ச வண்டி! என் கோழிங்க முட்டை போட்டுப் பேண்ட பெட்டி இது. மோந்து பாரு, இன்னும் நாறுது."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நான் இரட்டைத் தையல் போட்ட குஷனா நாறுகிறது? "என்ன நாத்தம்? இதை நான்..." என்று வாயைத் திறந்தேன். சைடுகாரிலிருந்து கை நீட்டி என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள் பாருங்கள், கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்புறம்தான் புரிந்தது. அழகில்லாத பொருளை எவன் கேட்பான்? நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அபூர்வமாக நடப்பது அது.

மற்ற வாலிபர்கள் சிரித்துவிட்டார்கள். பஹினி விடவில்லை. "உங்கம்மா எந்த ஊரு?" என்று தொப்பிக்காரனைக் கேட்டாள். அவன் சொன்னான். "அப்ப நான் உனக்குச் சித்தி முறை. சித்திகிட்டத் தொப்பி போட்டுக்கிட்டு, நின்னுக்கிட்டா கெரேகெரே கேப்ப? பாட்டு ஆரம்பிக்கப் போவுது, வழிய விடு." அவன் தொப்பியை எடுத்தான். மரத்தை நகர்த்தினார்கள். கிளம்பும்போது மட்டும் என் பக்கம் குனிந்து இந்தியில் சொன்னான், "சித்தி எறங்கிடுவாங்க. நீ தனியாத்தானே திரும்பி வருவ?"

அன்றைக்கு அவள் என்னைத் திரும்பவிடவில்லை. தேவாலயத்தில் பாயில் உட்கார்ந்து அவள் பாடியதைக் கேட்டேன். காதில் விழுந்ததோடு சரி, மனம் முழுக்க வெளியே நின்ற வண்டியில் இருந்தது. திங்கள் காலை கீழேயிருந்து குதிரையில் வந்த ஒருவர், பையன்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள் என்றார். பஹினி யோசித்தாள். பிறகு ஊர்ப் பெண்களைக் கூப்பிட்டு ஆற்றங்கரைக்குப் போனாள். வாளி வாளியாகச் சேறு வந்தது.

டேங்கில் அப்பினார்கள், சக்கரத்தில் அப்பினார்கள், விளக்கை மூடினார்கள். மட்கார்டில் நான் வைத்த பொட்டு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. முதலில் ஐயோ ஐயோ என்று கத்தினேன். பிறகு எனக்கே உற்சாகம் வந்துவிட்டது. அசிங்கப்படுத்துவதானால் அதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டாமா? சிவப்புக் குஷனின் உறையைக் கழற்றி, உள்ளே இருந்த சாக்குத்துணி வெளியே தெரியும்படி திருப்பி மாட்டினேன். ஹாண்டிலில் தென்னை ஓலையைச் சுற்றினேன். சைடுகாரில் வாழைத்தாரும் கால் கட்டிய இரண்டு கோழிகளும் ஏறின. சிறுபிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். கண் படாமல் இருக்க நான் ஒரு பொட்டு வைத்தேன், ஊரே சேர்ந்து வண்டி முழுவதையும் பொட்டாக்கிவிட்டது.

அடிவாரத்தில் அதே மரம், அதே தொப்பிக்காரன். பார்த்தவன் விழித்தான்.

"நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?"

"மலை ரோடு, தம்பி," என்றேன்.

கிட்டே வந்தான். ஒரு கோழி சிறகடித்து அவன் சட்டையில் சேற்றை வாரி இறைத்தது. அவன் பின்னால் நகர்ந்து, சிரித்து, கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். பிறகு தொப்பியைக் கழற்றினான். "அக்கா, ஒரு கோழி கெரேகெரே," என்றான். முறையாகக் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் அல்லவா? கொடுத்தேன். மரத்தை அவனே இழுத்து வழிவிட்டான்.

வீட்டு வாசலில் என் கணவர் இரண்டு நாளாகச் சாப்பிடாத முகத்தோடு நின்றிருந்தார். "வண்டி எங்க புள்ள?" என்றார். "இதுதாங்க வண்டி," என்றேன். உட்கார்ந்து அழுதுவிட்டார். வண்டிக்காக அல்ல என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வருஷம் கிளம்பும் நாள் வந்தது. இன்னும் இரண்டு குடும்பங்களோடு சேர்ந்து ஒரு கண்டெய்னர். "சோபா வருமா, வண்டி வருமா, ஒண்ணு சொல்லு," என்றார் கணவர். நான் வேறு முடிவு செய்திருந்தேன். அந்த வண்டியில் பாதி அந்த ஊருடையது. முழுவதையும் பஹினிக்கே கொடுத்துவிடுவது. அவள் அண்ணன் ஓட்டட்டும், அவள் ராணி மாதிரி உட்கார்ந்து சந்தைக்கு வரட்டும். சும்மா கொடுத்தால் வாங்கமாட்டாள். ஆனால் அவள் ஒரு வார்த்தை புகழ்ந்தால் போதும், அவர்கள் வழக்கப்படியே கொடுத்துவிடலாம். கழுவி, மெருகேற்றி, சிவப்புக் குஷனை வெளிப்பக்கமாக மாட்டி, ஊர் எல்லையில் எஞ்சினை நிறுத்தி, தள்ளிக்கொண்டு போய் அவள் வீட்டு முன்னால் நிறுத்தினேன். வெயிலில் அது ஜொலித்தது. பெற்றவளுக்கே பெருமை தாங்காது.

அவள் வெளியே வந்தாள். மெதுவாகச் சுற்றி வந்தாள். குஷனைத் தடவினாள், தையலை விரலால் நீவிப் பார்த்தாள். நான் காத்துக்கொண்டிருந்தேன்.

"எப்படி இருக்கு, பஹினி?"

"அசிங்கம்."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"நல்லாத்தான் பாத்தேன்." கை இன்னும் தையல்மேலேயே இருந்தது. "இவ்ளோ அசிங்கமான ஒண்ண நான் பாத்ததே இல்ல."

நான் எதற்கு வந்தேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஆற்றுப்பக்கம் இறங்கிப் போனாள். கட்டைவிரலில் சேறு எடுத்து வந்து மட்கார்டில் ஒரு பொட்டு வைத்தாள். "எடுத்துக்கிட்டுப் போ. அங்கயும் ரோடு இருக்கும்ல?" என்றாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம்.

சோபாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தோம்.

பிரிஸ்பேன் துறைமுகத்தில் ஓர் அதிகாரி டார்ச் அடித்து வண்டியைச் சல்லடை போட்டுத் தேடினார். வேறு நாட்டு மண் ஒரு துளிகூட உள்ளே வரக் கூடாதாம். மட்கார்டில் காய்ந்திருந்த அந்தக் கட்டைவிரல் பொட்டைக் கண்டுபிடித்து, தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவினார்கள். நாட்டை விட்டு வந்த துக்கம் அதுவரை எனக்குச் சரியாக உறைக்கவில்லை. அந்தப் பழுப்புத் தண்ணீர் சிமென்ட் தரையில் ஓடியபோதுதான் உறைத்தது. அதிகாரி நல்ல மனிதர். நான் அழுவதைப் பார்த்து ஆறுதலாக, "எவ்வளவு அழகான வண்டி!" என்றார். "இல்லை, அசிங்கம்," என்றேன் சட்டென்று. அவர் என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவிருக்கிறது.

வண்டி இன்னும் ஓடுகிறது. பழைய வண்டிக்காரர்கள் கூடும் ஞாயிற்றுக்கிழமைகளில் கொண்டுபோய் நிறுத்துவேன், மட்கார்டில் கண்மைப் பொட்டோடு. நாள் கிழமைகளில் பஹினி போன் செய்வாள். நலம் விசாரிப்பதற்கு முன்னால், "அந்த அசிங்கம் ஓடுதா?" என்றுதான் கேட்பாள். ஓடுது என்பேன்.

அழகு என்று அவள் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது அன்றைக்கே அவளுடையது. அந்த வார்த்தையை எனக்காக அவள் விழுங்கினாள். எத்தனையோ பேர் என் கைவேலையைப் புகழ்ந்திருக்கிறார்கள், பரிசுகூடக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு அவள் சொன்ன அந்த அசிங்கத்துக்கு ஈடான பாராட்டு இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.